உப்புக்காத்துக்கு ஒரு செய்தி

பதினோரு நாளாக அவள் ஒரு வீடியோவும் போடவில்லை, கடைசியாகப் போட்டது பாம்பன் பாலத்தடியில் நின்று காற்றில் முடி முகத்தில் அடிக்க ஏதோ சொல்லிச் சிரித்த அந்த நாற்பது நொடி, அதைத்தான் இப்போதும் பார்க்கிறேன், உச்சிப்புளி தாண்டிவிட்டதா என்று தெரியவில்லை, ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை, கட்டைவிரல் தானாகவே திரையைக் கீழே இழுத்துவிட்டுப் பார்க்கிறது, புதிதாக ஒன்றும் இல்லை, மறுபடி இழுக்கிறது... எதற்கு இழுக்கிறேன், தக்சிகாவைப் பார்க்கத்தானே போய்க்கொண்டிருக்கிறேன், இன்னும் அரைமணி நேரத்தில் மண்டபம் முகாமில் அவள் வீட்டுக்குள் அவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கப் போகிறேன், ஆனாலும் அவள் ஃபோனில் வருகிறாளா என்றுதான் பார்க்கிறேன். நேரில் இருப்பவளோடு எனக்குப் பழக்கம் விட்டுப்போய்விட்டது போல. பக்கத்து இருக்கையில் யாரோ ஒரு அம்மா, மடியில் காய்கறிப் பையோடு, என் ஃபோனை எட்டிப் பார்த்தாள், யாரு கண்ணு, உன் தங்கச்சியா, நல்லா சிரிக்குதே என்றாள். ஆமா என்று சொல்லிவிட்டேன். ஏன் ஆமா என்றேன்?

நேற்று மதியம் கடையில் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தபோதுதான் தக்சிகாவின் அம்மா சந்திரவதனா ஃபோனில் கூப்பிட்டது. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சென்டர், என் வேலை அங்கேதான், வருமானச் சான்று, சாதிச் சான்று, பெயர் திருத்தம், யார் எதைச் சொன்னாலும் அதை மனுவாக அடித்துக் கொடுக்க வேண்டும், மூன்று வருடம் பி.காம். படித்ததற்கு அது. பிள்ளை, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ, இவள் சாப்பிடுறாளும் இல்லை, ஒருத்தரோடையும் கதைக்கிறாளும் இல்லை, தலைமுடியைக் கத்தரிக்கோலால வெட்டிப் போட்டாள், நீங்கள் வந்தால் கதைப்பாள் எண்டு நினைக்கிறன், என்று அந்த அம்மா சொன்னபோது எனக்கு முதலில் வந்தது பயமில்லை, வருத்தமும் இல்லை, ஒரு சின்னப் பெருமை. நான் வந்தால் பேசுவாள். எழுபதாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள், அவள் பேச வேண்டும் என்றால் கனகலட்சுமி வேண்டும். அதற்குப் பிறகுதான் பயம் வந்தது, பாத்திரத்தை மூடி வைத்துவிட்டேன்.

முடியை வெட்டிவிட்டாள் என்றால் எவ்வளவு வெட்டியிருப்பாள்? கல்லூரியில் அவள் பின்னலைப் பிடித்து இழுத்துக்கொண்டே நானும் மாரிச்செல்வியும் பஸ் ஏறுவோம், மூன்று பேரும் ஒரே பெஞ்ச், ஒரே டிபன், அவள் அப்போது எங்களைப் போலவே வாரேன், போறேன் என்றுதான் பேசுவாள், முகாமிலேயே பிறந்தவள், இலங்கையை அவள் பார்த்ததே இல்லை. கேமரா முன்னால் மட்டும் வாங்கோ, போங்கோ, கதைப்பம் என்று இனிக்க இனிக்க ஆரம்பித்தாள், அதற்குத்தான் ஆட்கள் வருகிறார்கள் என்று அவளே என்னிடம் சொன்னாள், சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்தது உண்மைதான். அந்தச் சிரிப்புக்குள் எப்போது இது நுழைந்தது என்று யோசித்தால் மிளகாய்க் களத்தில் போய்த்தான் நிற்கிறது. போன வருடம் மாசியில் எங்கள் ஊருக்கு வந்தாள், நயினார்கோவிலில் இறங்கி மூன்று கிலோமீட்டர், அய்யா அப்போதுதான் குண்டு மிளகாயைக் களத்தில் பரப்பியிருந்தார், சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பு, அவள் என் தாவணியை வாங்கிக் கட்டிக்கொண்டு அதன் நடுவில் நின்று இரண்டு வார்த்தை பேசினாள், நான்தான் எடுத்துக் கொடுத்தேன், வெயிலில் நின்று, பதினேழு தடவை. இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். அதே களத்தில், அதே தாவணியில், அதே மிளகாய் நடுவில் நான் நின்று எடுத்ததை மறுநாள் போட்டேன், அறுபத்தொரு பேர். அதில் நாற்பது நானேதான் இருப்பேன், திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தது. அவள் கீழே வந்து சூப்பர்டி என்று எழுதி நெருப்புப் படம் மூன்று போட்டிருந்தாள். அந்த மூன்று நெருப்பு. அய்யா கேட்டார், என்னத்தா, நம்ம களம் டிவில வந்துச்சாமே. டிவி இல்லய்யா என்றேன். யாரு, அந்தப் புள்ளயா நின்னுச்சு, நல்லாருக்கும் என்றார். அவருக்கு என்ன தெரியும், அவரைக் குற்றம் சொல்லக்கூடாது... ஆனால் அவர் நீ நின்றாயா என்று கேட்கவில்லை.

அந்த வாரம்தான் உப்புக்காத்து என்ற கள்ளக் கணக்கு பிறந்தது. பெயர் யோசிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, முகம் இருக்கும் இடத்தில் ஒரு கருவாட்டுப் படத்தை வைத்தேன், கடையில் ஆள் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து முதல் வரி எழுதினேன், அவள் பல்லைப் பற்றி. மேல்வரிசையில் ஒரு பல் ஏறியிருக்கும், அதை மறைக்க உதட்டை ஒருமாதிரி இழுப்பாள், அது எனக்குத்தானே தெரியும், எழுதினேன். ஐந்து நிமிடத்தில் எட்டுப் பேருக்குப் பிடித்திருந்தது. என் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டது, திருட்டு மாங்காய் தின்றவள் மாதிரி. சாயங்காலம் அவளே ஃபோன் செய்தாள், கனகம், எவனோ ஒருத்தன் என் பல்லப் பத்தி எழுதிருக்கான்டி, எப்படிடி தெரியும், அழுதாள், நான் அரைமணி நேரம் சமாதானம் சொன்னேன், நல்லாத்தான் சொன்னேன், விட்டுத்தள்ளு, பொறாமை பிடிச்ச கழுதைங்க என்றேன், அவளை ஆற்றிவிட்டு வைத்தபோது மனசு லேசாக இருந்தது, ஒரு நல்ல காரியம் செய்த மாதிரி. அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று, பிறகு தினம் ஒன்று. காலையில் குத்துவது, சாயங்காலம் மருந்து போடுவது. இரண்டும் நானே. இதில் எது பொய்? இரண்டிலும் நான் முழுசாகத்தான் இருந்தேன். அவள் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தாள், வீடியோவில் தெரிந்தது, பேசும்போது நடுவில் நிறுத்தி உதட்டை மூடிக்கொண்டாள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை கமெண்டைப் போய்ப் பார்க்கிறாய் என்று கேட்டேன், எண்ணவில்லை என்றாள், குளிக்கப் போகும்போதும் கொண்டுபோகிறேன் என்றாள். நானும்தான். அதை நான் சொல்லவில்லை.

பெருங்குளமா உச்சிப்புளியா, யாரோ இறங்கினார்கள், மீன் கூடை வாசம் வந்தது, காய்கறிப் பை அம்மாவைக் காணோம், எப்போது எழுந்து போனாள்... அந்தக் கடைசி வரியை நினைக்கக்கூடாது என்றுதான் இவ்வளவு நேரமாக மற்றதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கல்லூரிக் கடைசி வருடம் தனுஷ்கோடிக்குப் போனபோது, மாரிச்செல்வி தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள், தக்சிகா மணலில் என் தோளில் சாய்ந்து அண்ணனைப் பற்றிச் சொன்னாள். கஜன் சென்னையில் வேலை பார்ப்பதாகத்தான் முகாமில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்கள், அவன் சென்னையில் இல்லை, எங்கிருந்தோ ஒரு படகில் ஏறி எங்கேயோ தூர தேசத்துக்குப் போனவன், ஒன்பது வருடம், ஒரு ஃபோன் இல்லை. அது மாரிச்செல்விக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அழுதுகொண்டே இன்னொன்றும் சொன்னாள், போகிற அன்று காலையில் அவன் போட்டிருந்தது நீலச் சட்டை, தான்தான் அயர்ன் பண்ணிக் கொடுத்தது, காலர் ஓரத்தில் சுட்டுவிட்டேன், திட்டாமல் போட்டுக்கொண்டு போனான் என்று. அழுகிறவளுக்கு என்ன சொன்னோம் என்று நினைவிருக்காது. கேட்டவள்தான் வைத்திருப்பாள். இரண்டு வருடம் வைத்திருந்தேன். அந்தப் பாம்பன் பாலத்து வீடியோ ஐந்து லட்சம் தாண்டிய அன்றைக்கு அதை வெளியே எடுத்தேன், ஊர்ப் பேச்சில் எழுதினால் தெரிந்துவிடும் என்று பேப்பர் தமிழில் எழுதினேன், நீலச் சட்டையுடன் படகேறிய கஜன் இன்னும் கரை சேரவில்லை, தங்கைக்குக் கடற்கரையில் கொண்டாட்டம். நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பிடித்திருந்தது. என் வாழ்க்கையில் நான் எழுதி நூறைத் தாண்டிய ஒரே வரி அது. கருமம், அதை எண்ணிப் பார்த்தேன், ஒவ்வொரு பத்துக்கும் ஒரு தடவை போய் எண்ணிப் பார்த்தேன்.

அவள் அதை அழித்துவிட்டாள், ஆனால் அதற்குள் யாரோ திரையைப் படம் பிடித்து முகாமுக்குள் சுற்றிவிட்டார்கள், பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி சந்திரவதனா அம்மாவிடம் உரக்க வாசித்துக் காட்டியிருக்கிறாள். எழுதியது மாரிச்செல்விதான் என்று தக்சிகா முடிவு கட்டி அவளைத் திட்டிப் பேச்சை அறுத்துவிட்டாள். மாரிச்செல்வி பரமக்குடியில் மருந்துக் கடையில் நின்று நின்று கால் வீங்கிக் கிடக்கிறவள், அவளிடம் நல்ல ஃபோன்கூட இல்லை, எனக்கு ஃபோன் போட்டு நான் எழுதலடி, எங்க ஆத்தா சத்தியமா எழுதலடி என்றாள். ஆறட்டும், நான் பேசிக்கிறேன் என்றேன். பேசவில்லை.

முகாம் வாசலில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன், சந்திரவதனா அம்மா முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தது, என் கையைப் பிடித்துக்கொண்டது, பிடித்த கையை வீடு வரைக்கும் விடவில்லை, உள்ளங்கை சொரசொரப்பாக, சூடாக. வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தது, இரவில் தூங்குவதில்லை, விடிந்தும் எழுவதில்லை, ஃபோனை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டு கிடக்கிறாள், பிடுங்கினால் கத்துகிறாள், கொடுத்தால் அழுகிறாள். ஒற்றை அறை, பாயில் சுவரோரமாகக் கிடந்தாள், முடி காதுக்குக் கீழே கோணல்மாணலாக, ஒரு பக்கம் அதிகமாகவே வெட்டுப்பட்டிருந்தது, கன்னம் ஒட்டி, உதடு வெடித்து... எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, இப்போது யாராவது இவளைப் படம் எடுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று. ஒரு நொடிதான். ஆனால் தோன்றியது. உடனே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினேன், என் கை தடவிக்கொண்டிருந்தது, அழுகையும் வந்தது, நிஜமான அழுகை, அவள் என் அழுகையைப் பார்த்துவிட்டு, நீ ஏன்டி அழுகிற என்று முணுமுணுத்தாள். ஒரு வாரத்தில் முதல் பேச்சாம். அந்த அம்மா கும்பிட்டது, சாமியையா என்னையா தெரியவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. தக்சிகா, நான் ஒண்ணு சொல்லணும்டி, என்ற வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அந்த அம்மா டீத்தம்ளரை என் முன்னால் வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தது, முந்தானையைச் சரிசெய்தது, கடைக்கு மனு எழுத வருகிறவர்கள் உட்காருவார்களே, அப்படி உட்கார்ந்தது. பிள்ளை, உங்களுக்கு இதெல்லாம் எழுதத் தெரியும்தானே, அந்த உப்புக்காத்து எண்டவருக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுதவேணும் என்றது. எதற்கும்மா என்றேன்.

“நீலச் சட்டை எண்டு எழுதியிருக்கார் பிள்ளை. அது இந்த வீட்டுக்குள்ள எங்கள் ரெண்டு பேருக்கும் அவனுக்கும்தான் தெரியும். அவனைக் கண்டவர்தானே சட்டையைச் சொல்லுவார்?”

நான் தக்சிகாவைப் பார்த்தேன். அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். மாரிச்செல்வி இல்லை என்று இப்போது தெரிகிறது, அவளுக்குச் சட்டையைப் பற்றித் தெரியாது, யாருக்கும் நான் சொன்னதில்லை, என்றாள், யாருக்கும் என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள், அதில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை, மணலில் அழுதது அவளுக்கு நினைவில்லை. கேமராவுக்காக அல்லாமல், என்னிடம் அவள் வீட்டுப் பேச்சில் பேசியது அப்போதுதான், தெரியாமல் வந்துவிட்டது போல.

“மூண்டு தரம் நானும் எழுதினனான். அவர் திறந்து பாக்கேல்லை. தெரியாது எண்டு சொன்னாலும் பரவாயில்லை, கனகம். பாத்தால் போதும்.”

பல்லைப் பற்றி எழுதியவனிடம், கிண்டல் செய்தவனிடம், அண்ணனைச் சொல்லிக் குத்தியவனிடம் இவள் இத்தனை நாளாகக் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறாள். எழுத முடியாது என்று சொல்லலாமா, எழுதுகிற மாதிரி பாவனை செய்யலாமா, ஆனால் தக்சிகா என் தோளோரமாக வந்து திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், படிக்கத் தெரிந்தவள். அந்த அம்மா சொல்லச் சொல்ல என் கணக்கிலிருந்து அடித்தேன், மனுவில் அடிப்பது போலத்தான், விரல் பிழையில்லாமல் ஓடியது. ஐயா, நீங்கள் திட்டி எழுதியதில் எங்களுக்குக் கோபம் இல்லை. என் மகன் கஜனை எங்கே கண்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அவன் சிறையில் இருந்தாலும் சரி. கால் கை இல்லாமல் இருந்தாலும் சரி. இல்லை என்றாலும் சொல்லுங்கள், நாங்கள் ஒரு விளக்கு ஏற்றிக்கொள்கிறோம். இதற்கு மேல் சொல்ல அந்த அம்மாவுக்கு வரவில்லை, அனுப்பிவிடு என்று கையைக் காட்டியது. அனுப்பினேன்.

தக்சிகா நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், நல்லவேளை அந்த நேரத்தில் பார்த்தாள், ஏனென்றால் ஒரு நொடிகூட ஆகவில்லை, ஃபோன் என் உள்ளங்கையில் துடித்தது, திரையின் உச்சியில் ஒரு பட்டை இறங்கியது, உப்புக்காத்து, உங்களுக்கு ஒரு புதிய செய்தி, கனகலட்சுமியிடமிருந்து. நான் எனக்கு அனுப்பியது எனக்கே வந்து சேர்ந்திருக்கிறது. கட்டைவிரலால் அதை மேலே தள்ளினேன், இத்தனை மாதம் பழகிய விரல், ஒருதரம்கூடத் தடுமாறவில்லை. அந்த அம்மா வெளிச்சத்தை மட்டும் பார்த்துவிட்டது. தரையில் இரண்டு கையையும் ஊன்றி என் பக்கமாக நகர்ந்து வந்தது.

“பதில் வந்திட்டுதோ, பிள்ளை?”

“இல்லம்மா. கடையில இருந்து.”

அதற்குப் பிறகு அங்கே நான் எப்படி இருந்தேன், எவ்வளவு நேரம் இருந்தேன் தெரியவில்லை, தக்சிகா நான் ஊட்டிய இரண்டு வாய் புட்டைச் சாப்பிட்டாள் என்பது ஞாபகம் இருக்கிறது, வெட்டுப்பட்ட முடியைக் கத்தரியால் ஒப்புக்குச் சமமாக்கிவிட்டேன், அந்த அம்மா வாசல் வரைக்கும் வந்து, நீங்கள் எழுதினபடியால் கட்டாயம் பதில் வரும் பிள்ளை, நீங்கள் படிச்ச பிள்ளை என்றது. நான் தலையாட்டினேன். தலை தானாக ஆடியது.

ராமநாதபுரம் பஸ்ஸில் இப்போதும் ஜன்னலோரம்தான், வெயில் சாய்ந்து கடல் பக்கமாகக் கண் கூசுகிறது. உப்புக்காத்தைத் திறந்தேன். நான் எழுதுவதற்குத்தான் அதைத் திறப்பேன், யார் எனக்கு எழுதியிருக்கிறார்கள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை, யார் எழுதப் போகிறார்கள் என்று. என்னுடைய மனு மேலே இருந்தது. கீழே அவள். முதல் செய்தி முழுக்க வசவு, நாயே என்று ஆரம்பித்து. இரண்டாவது நான்கு நாள் கழித்து, நீங்கள் யார், அண்ணாவை எப்படித் தெரியும், தயவுசெய்து. மூன்றாவதில் எழுத்தே இல்லை, ஒரு பழைய படம், போகிற அன்று எடுத்ததாக இருக்கும், மங்கல், மீசை முளைக்காத ஒரு பையன் நீலச் சட்டையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, காலர் ஓரத்தில் ஒரு பழுப்பு. அடியில், இவர்தானா? திறந்துவிட்டேன் இல்லையா, அவளுக்குத் தெரிந்திருக்கும், பார்த்தாயிற்று என்று காட்டியிருக்கும். அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. இருக்கிறீங்களா என்று வந்தது. அண்ணா என்று வந்தது. என்னையா அண்ணா என்கிறாள், கருவாட்டுப் படத்தையா?

எனக்கு எதுவும் தெரியாது, மன்னித்துவிடுங்கள், என்று அடித்தேன். நான்கு வார்த்தை, பின் ஒரு பொத்தான், முடிந்தது, அந்த அம்மா விளக்கு ஏற்றிக்கொள்ளலாம். விரல் பொத்தான் மேல் நின்றது. மன்னித்துவிடுங்கள் என்பதை அழித்தேன், மன்னிப்புக் கேட்டால் யாரென்று யோசிப்பாள். பிறகு தெரியாது என்பதை அழித்தேன். எனக்கு எதுவும் என்று நின்றது. அந்தப் பக்கம் அவளுக்கு நான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று மூன்று புள்ளி துள்ளிக்கொண்டு இருக்கும், அம்மாவைக் கூப்பிட்டிருப்பாள், இரண்டு பேரும் அந்த ஒற்றை அறையில் தலையோடு தலை முட்டிக்கொண்டு மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள், ஐந்து லட்சம் பேர் பார்த்த முகம், என்னை, என்னை மட்டும். எல்லாவற்றையும் அழித்தேன். மறுபடி எனக்கு என்று ஆரம்பித்தேன், மறுபடி புள்ளி துள்ளும். இறங்கும்போது அனுப்பிவிடலாம், இறங்குவதற்குள் கட்டாயம் அனுப்பிவிடுவேன், உச்சிப்புளி வந்தால் அனுப்பிவிடுவேன்... நடத்துநர் வந்து எங்கம்மா என்றார், டிக்கெட் வாங்கிக்கொண்டு ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்தேன், அது தொடை மேல் துடித்தது, கொஞ்சம் விட்டு மறுபடி துடித்தது, நான் எடுக்கவில்லை, எடுக்காமல் இருக்க முடிந்தது, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கட்டைவிரல் சும்மா கிடந்தது, நெஞ்சு படபடக்கவில்லை, காற்று முகத்தில் பட்டுக் கண்கூட லேசாகச் சொருகியது, ராமநாதபுரம் இன்னும் அரைமணி நேரம்தான், பஸ் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போனால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.